மாடு சப்பிய சட்டை

கோண்டாவில், யாழ்ப்பாணம்.
ஐப்பசி, மழை விடாத ஒரு பின்னேரம்.

அன்பின் கொக்குவுக்கு,

நாற்பது தாண்டியும் உன்னை இப்படித்தான் கூப்பிட வருகிறது. பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் சத்தமாக வாசிக்காதே.

நீ அனுப்பிய குரல் செய்தியை மூன்று தரம் கேட்டேன். இரண்டு தரம் தெறி தைத்துக்கொண்டு கேட்டதால் பாதி காதில் விழவில்லை. மூன்றாம் தரம் விறாந்தையில் சும்மா இருந்து கேட்டேன். ஸ்காபரோவில் குளிர் தொடங்கிவிட்டது, மகன் உன்னைவிட உயர்ந்துவிட்டான், சொந்தமாக டீ ஷேர்ட் செய்து விற்க நாலு படம் கீறி வைத்திருக்கிறாய், ஐந்தாவதுக்குப் பேனை தூக்க மனமில்லை. கடைசியில், "உனக்கு எப்படியடி சலிக்கவில்லை?" என்று கேட்டாய்.

சலிக்கிறது. நல்லாகவே சலிக்கிறது. போன வருடம் ஆவணியில் எல்லாத் துணியையும் அலுமாரிக்குள் அடைத்துப் பூட்டிவிட்டு, இனி இந்தப் பக்கமே தலைவைத்தும் படுப்பதில்லை என்று இருந்தேன். உனக்கு அப்போது சொல்லவில்லை. வெட்கம்.

நடந்தது இதுதான். நல்லூர்த் திருவிழாவுக்கு 25 நாளும் சனம் வரும், வெளிநாட்டில் இருந்து உன்னைப் போன்றவர்கள் வந்து இறங்குவார்கள், கையில் காசு இருக்கும் என்று கணக்குப் போட்டு, கைத்தறித் துணியில் ஆண்களுக்கான ஷேர்ட் 40 தைத்தேன். பிறந்த நாள் தொட்டு அந்தக் கோயிலைப் பார்க்கிறவள் நான். உள்ளே போகிற ஆண்கள் மேலுடுப்பைக் கழற்றிவிட்டுத்தான் போகவேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. ஆனாலும் தைத்தேன். முழுவதையும் தைத்து மினுக்கி அடுக்கியபிறகு அம்மா வந்து பார்த்துவிட்டுச் சொன்னது: "கழட்டுற இடத்துக்கே கொண்டுபோய் விக்கப்போறாய், என்ன?"

12 விற்றது. 28 திரும்பி வந்தது. அந்தப் பன்னிரண்டிலும் ஒரு கூத்து. மட்டக்களப்பில் இருந்து ஒரு தம்பி படம் அனுப்பியிருந்தார். ஒரே ஒரு தோய்ப்புத்தான், நீளக் கை மணிக்கட்டை விட்டு மேலே ஏறி நிற்கிறது. துணியை நனைத்துக் காயவைக்காமல் வெட்டியது என் பிழை. திருவிழா தொடங்குவதற்குள் தைத்து முடிக்க வேண்டும் என்ற அவசரம். ஐந்து பேருக்குக் காசைத் திருப்பிக் கொடுத்தேன்.

இப்போது என்ன செய்கிறேன் தெரியுமா? ஒவ்வொரு புதுத் துணியிலும் ஒரு மூலையில் சிவப்பு நூலால் 10 அங்குலச் சதுரம் ஒன்று தைப்பேன். இரவு முழுக்க வாளியில் ஊறப்போட்டு, அடுத்த நாள் வெயிலில் காயவைத்து, அளவுநாடாவை வைத்துப் பார்ப்பேன். அந்தத் திருவிழாத் துணியில் மிஞ்சியதைப் பிறகு இப்படிப் பார்த்தபோது, நெடும்பக்கம் ஒன்பதேகால் அங்குலம் நின்றது. நூற்றுக்கு ஏழரை பங்கு போய்விட்டது! ஒரு ஷேர்ட்டின் கை 24 அங்குலம் என்றால் கிட்டத்தட்ட இரண்டு அங்குலம். தம்பியின் மணிக்கட்டுக் கணக்குச் சரியாக வந்தது. நீ அங்கே ஆயத்த டீ ஷேர்ட்டில் அச்சடிக்கப் போகிறாய் என்றாலும், முதலில் ஒன்றை வாங்கி ஐந்து தரம் மெஷினில் போட்டு எடுத்துப் பார்த்துவிட்டு அப்புறம் படத்தைப் பற்றி யோசி.

சரி, அலுமாரியைப் பூட்டியவள் எப்படித் திறந்தாள் என்று கேட்பாய். கேட்டால் சிரிப்பாய். தையல் அக்காவுக்கு வரவேண்டாம் என்று சொல்ல மறந்துவிட்டேன். அவ்வளவுதான் காரணம்.

திங்களும் வெள்ளியும் கொக்குவில் பக்கம் இருந்து சைக்கிளில் வருவார். அந்த வெள்ளிக்கிழமையும் வழமைபோல எட்டரைக்கு வந்து, செருப்பைக் கழற்றி, மெஷின் மூடியிருந்த சீலைத்துண்டை எடுத்து மடித்து வைத்துவிட்டு, "என்ன வெட்டி வைச்சிருக்கிறியள், பிள்ளை?" என்று கேட்டார். ஒன்றும் வெட்டவில்லை. அவருக்கு நான் கொடுப்பது உடுப்புக் கணக்கில். வெட்டாவிட்டால் அவருக்கு அன்றைக்குச் சதமும் இல்லை, வந்த சைக்கிள் மிதிப்பும் வீண். மூடிவிட்டேன் அக்கா என்று சொல்ல வாய் திறந்தேன், வரவில்லை. "தேத்தண்ணி குடியுங்கோ, வாறன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய், விற்காத ஷேர்ட்டுகளில் பத்தை எடுத்து, தையலைப் பிரித்துச் சின்னப் பிள்ளைகளின் சட்டை வெட்டினேன். கைகள் நடுங்கின என்று எழுதினால் கதை நல்லாயிருக்கும். நடுங்கவில்லை, கோபத்தில் வெட்டினேன். நேராக வந்தது.

அன்று தொட்டு ஞாயிறு இரவும் வியாழன் இரவும் எனக்கு வெட்டுகிற இரவு. மனம் இருக்கிறதோ இல்லையோ, அடுத்த நாள் எட்டரைக்குச் சைக்கிள் மணி கேட்கும். உற்சாகம் வந்து வெட்டியது ஐந்தில் ஒரு நாள் இருக்கலாம். மிச்ச நாலு நாளும் அக்காவின் முகத்துக்குப் பயந்து வெட்டியதுதான். தைத்து முடிந்தபிறகு எது எந்த நாளில் வெட்டியது என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

காசுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சலிப்பில் பாதி அங்கேதான் பிறக்கிறது. தொடக்கத்தில் ஒரு ஷேர்ட்டுக்குத் துணி 1,900, தைப்புக்கூலி 900, தெறி, நூல், லேபிள் 180, பை 60 என்று கூட்டி 3,040 ரூபாய். 3,200க்கு விற்றேன். 160 ரூபாய் இலாபம் என்று சந்தோஷப்பட்டேன்! வெட்டிய நேரம், படம் எடுத்த நேரம், "அக்கா, இதில நீலம் இருக்கா?" என்று இரவு பதினொரு மணிக்குக் கேட்கிறவர்களுக்குப் பதில் எழுதிய நேரம், வீட்டில் ஆளில்லை என்று கொறியர்காரன் திருப்பிக் கொண்டுவந்த பொதி, எதுவும் அதில் இல்லை. எட்டு மாதம் ஊருக்குத் தருமம் செய்திருக்கிறேன். இப்போது 4,800. விலையைக் கூட்டிய மாதம் மூன்று பேர் திட்டினார்கள், விற்பனை கொஞ்சம் குறைந்தது, கையில் நின்ற காசு கூடியது. நீயும் உன் நேரத்துக்கு மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்று முதலிலேயே எழுதிவிடு. பிறகு சேர்க்க வெட்கமாக இருக்கும்.

2022 பொருளாதார நெருக்கடியில் நான் எப்படித் தாக்குப்பிடித்தேன் என்றும் கேட்டிருந்தாய். 200 ரூபாய்க்கு இருந்த டொலர் 360க்குப் போனது, கொழும்பு புறக்கோட்டையில் இருந்து எடுக்கிற துணியின் விலை கிழமைக்குக் கிழமை மாறியது. பங்குனி முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. அப்போது கைகொடுத்தது அம்மாவின் மிதி மெஷின். 95 ஐப்பசியில் சண்டைக்குப் பயந்து வலிகாமச் சனம் முழுக்க வீடுகளை விட்டு வெளிக்கிட்டபோது, அப்பா அதன் தலையை மட்டும் கழற்றி, சாக்கில் சுற்றிச் சைக்கிள் கரியரில் கட்டிச் சாவகச்சேரி வரை உருட்டிக்கொண்டு வந்தாரே, அதே மெஷின். அடுத்த வருடம் திரும்பி வந்து பார்த்தபோது காலும் சக்கரமும் கிணற்றடியில் கிடந்தன, துருப்பிடித்து. நீங்கள் அங்காலே வன்னிக்குப் போய்விட்டீர்கள், அதனால் இந்தப் பகுதி உனக்குத் தெரியாது. இப்போதும் தடித்த துணிக்கு அக்கா அதில்தான் இருப்பார். மின்சார மெஷின் "அவசரக்காரி"யாம்.

இனி உன் நாலு படங்கள். கோபிக்கக் கூடாது. யாழ் ஒன்று, பனை ஒன்று, நல்லூர்க் கோபுரம் ஒன்று, "யாழ்ப்பாணம்" என்று வளைத்து எழுதியது ஒன்று. கோடு அருமை, உன் கைக்கு எப்போதும் அந்த ஓட்டம் உண்டு. ஆனால் எடியே, இந்த நாலையும் இங்கே கஸ்தூரியார் வீதியில் திறப்புக்கோர்வையில் இருந்து தேத்தண்ணிக் கோப்பை வரை அச்சடித்து விற்கிறார்கள். உனக்கு ஐந்தாவது வராததற்குக் காரணம் சோம்பல் இல்லை என்று நினைக்கிறேன். முதல் நாலும் உன்னுடையதாக இல்லை.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, சவர்க்காரம் வராத காலம்? சண்டைக்காலப் பொருளாதாரத் தடையில் சவர்க்காரக் கட்டி கண்ணால் காணக் கிடைக்காமல், பனம்பழத்தைப் பிசைந்து அந்தக் களியில் உடுப்புத் தோய்த்தோமே. அழுக்குப் போகும், வாசம் போகாது. கொடியில் காயப்போட்டால் மாடு வந்து சப்பும். பரிசளிப்பு விழாவுக்கு முதல்நாள் உன் வெள்ளைச் சட்டையின் இடது கையை உங்கள் வேலிக்கு மேலால் தலையை நீட்டி ஒரு மாடு சப்பி முடித்தது. அடுத்த நாள் நீ வேறொரு வெள்ளையில் கை வெட்டிப் பொருத்திய சட்டையோடு மேடை ஏறினாய், ஒரு கை பால் வெள்ளை, ஒரு கை பழுப்பு வெள்ளை. கீழே இருந்து சிரித்தவளில் நானும் ஒருத்தி. முப்பது வருடம் கழித்து மன்னிப்புக் கேட்கிறேன்.

அந்த மாட்டை நான் தைத்துவிட்டேன். பழுப்பு நூலில், இடது கை நுனியில் ஒரு மாட்டுத் தலை, அதன் வாய் சரியாகத் துணியின் ஓரத்தைக் கவ்வும்படி. எல்லா உடுப்பிலும் அதுதான் கூடப் போகிறது. எங்கள் வயதுக்காரர் கையைத் தூக்கிப் பார்த்தவுடன் சிரிக்கிறார்கள், சிலர் சிரித்துவிட்டுப் பேசாமல் நிற்கிறார்கள். சின்னதுகளுக்கு நான் நின்று கதை சொல்ல வேண்டியிருக்கிறது.

வேறொரு புதினம். வெங்காயத் தோலில் சாயம் போட்டுப் பார்க்கிறேன். தோல் இங்கே சாக்குச் சாக்காகச் சும்மா கிடைக்கும். துணியை நல்லாகத் தோய்த்து, கடுக்காய் நீரில் ஊறவைத்து, பிறகு படிகாரத்தில் போட்டு, அப்புறம் தோல் அவித்த தண்ணீரில் ஒரு மணித்தியாலம். பருத்தி தானாகச் சாயத்தைப் பிடித்துக்கொள்ளாது, இந்தக் கடுக்காயும் படிகாரமும் இடையில் நின்று கட்டிவைக்க வேண்டும். சாயத் தேத்தண்ணி நிறம் வருகிறது, அழகு. ஆனால் வெயிலில் மங்கும், அதை வாங்குகிறவரிடம் சொல்லித்தான் விற்பேன். இந்த மழையில் ஒன்றும் காயவில்லை, குசினிக்குள் கொடி கட்டியிருக்கிறேன், அம்மா பேசிக்கொண்டே சமைக்கிறா.

சாயத்தைப் பற்றிச் சொன்னவுடன் ஒருவர் யோசனை தந்தார்: சாயவேர்ச் சிவப்பைத் திரும்பக் கொண்டுவா, "யாழ்ப்பாணத்தின் பாரம்பரியச் சிவப்பு" என்று போடு, வெளிநாட்டில் பிய்த்துக்கொண்டு போகும் என்று. உண்மைதான், ஒல்லாந்தர் 1658இல் வந்தபிறகு இங்கத்தைய மணல் நிலங்களில் அந்த வேரைத் தோண்டுவித்துத் துணிக்குச் சிவப்பு ஏற்றி நல்ல காசு பார்த்தார்கள். ஆனால் தோண்டியது யார்? ஒரு சாதியின் தலையில் கட்டிவிட்ட ஊழியம் அது, பிடிக்கவில்லை என்று விட்டுவிட்டுப் போகமுடியாது. அதை மறைத்துவிட்டு லேபிளில் "பாரம்பரியம்" என்று எழுத எனக்கு மனம் வரவில்லை, அதை எழுதினாலோ லேபிள் ஷேர்ட்டைவிட நீளமாகிவிடும். வெங்காயத் தோல் போதும்.

பெயரைக் களவெடுத்தால் என்ன செய்வது என்று கேட்டாய். அங்கத்தைய சட்டம் அங்கே கேள். இங்கே நான் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்துவிட்டு எல்லாம் முடிந்தது என்று இருந்தேன். அது வேறு, வியாபாரக் குறி வேறு. குறிக்குக் கொழும்பில் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும், 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டம், பதிந்தால் 10 வருடம், பிறகு புதுப்பிக்கலாம். படிவம் மேசையில் கிடக்கிறது. காரணம் ஒரு மாடு.

அதாவது, என் மாடு மாடு மாதிரி இல்லை. போன கிழமை ஒரு அம்மா வந்து, "பிள்ளை, அந்த ஆட்டுப் படம் போட்டது இன்னும் இருக்கோ?" என்று கேட்டார். அக்கா மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தா. ஆட்டைக் கொண்டுபோய்ப் பதிந்துவிட்டுப் பத்து வருடம் இருக்க ஏலாது. நீ கீறித் தா. வேலிக்கு மேலால் வந்த அந்தத் தலையை நேரே பார்த்தவள் நீதான். இரண்டு அங்குலத்துக்குள் அடங்க வேண்டும், கோடு குறைவாக இருக்கட்டும், ஊசி அதிகம் வளையாது. கீறினதுக்குக் காசு தருவேன், உன் டீ ஷேர்ட்டிலும் அதே மாட்டை நீ போட்டுக்கொள்.

வருகிற வியாழன் இரவு 20 ஷேர்ட் வெட்டுகிறேன், உனக்கு அப்போது வியாழன் காலை. வெள்ளி எட்டரைக்கு அக்கா வந்து, "மாடு எங்கை?" என்று கேட்பா. என்ன சொல்ல?

அன்புடன்,
கட்டைச்சி