கோணேசர் கடலில சுழியோடின கிளார்க்கைப் பற்றி ஒரு புத்தகம்: எழுதி முடிச்சாச்சு, அச்சடிக்கக் காசு காணாது

அன்பான உறவுகளுக்கு வணக்கம். திருகோணமலையில இருந்து எழுதுறம். நாங்கள் பெரிய அமைப்பு ஒண்டும் இல்லை, பென்சன் எடுத்த ரெண்டு விஞ்ஞான வாத்திமார், படம் கீறுற ஒரு தங்கச்சி, கடல்ல சுழியோடுற ஒரு தம்பி, மிச்சம் என்னை மாதிரி வாசிக்கிற ஆக்கள், எல்லாமா ஒன்பது பேர். ஆர்தர் சி. கிளார்க்கின்ர வாழ்க்கையையும் அவர் எழுதின விஞ்ஞானக் கதையளுக்குப் பின்னால கிடக்கிற கணக்கையும் பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கு விளங்கிற மாதிரி தமிழில ஒரு புத்தகமாக் கொண்டுவர ரெண்டு வருசமா மினக்கெட்டுக்கொண்டு இருக்கிறம்.

கிளார்க் ஏன் எண்டு கனபேர் கேட்டிட்டினம். 1917 இல இங்கிலாந்தில மைன்ஹெட் எண்ட கடற்கரை ஊரில பிறந்த வெள்ளைக்காரனுக்கும் எங்களுக்கும் என்ன எண்டு. அவர் 1956 இல இலங்கைக்குக் குடி வந்து 2008 இல கொழும்பில சாகுமட்டும் இஞ்சதான் இருந்தவர். வந்த அந்த வருசமே கூட்டாளி மைக் வில்சனோட எங்கட ஊர்க் கடலோரம் நிக்கிற சுவாமி மலைக்குக் கீழ சுழியோடி, 1620களில போர்த்துக்கேயர் இடிச்ச கோணேசர் கோயிலின்ர செதுக்கின தூணுகளையும் கல்லுகளையும் கடலடியில கண்டு, அதை அடுத்த வருசம் புத்தகமாவும் எழுதினவர். உந்தக் கதை எங்கட ஊரில பெரியாக்கள் சிலருக்குத் தெரியும். ஆனா அதே மனுசன்தான் செய்மதிக் கணக்குப் போட்டவர் எண்டு கேட்டால் "அப்பிடியோ?" எண்டுவினம். பிள்ளையளுக்கு ரெண்டுமே தெரியாது. நாங்கள் இஞ்ச சுத்திவர இருக்கிற பள்ளிக்கூட நூலகங்களில தேடிப் பாத்தம், தமிழில அவரைப் பற்றி ஒண்டும் கிடைக்கேல்ல.

செய்மதிக் கணக்கை வடிவாச் சொல்லத்தான் வேணும், ஏனெண்டால் புத்தகத்தின்ர உயிரே அதுதான். ரெண்டாம் உலக யுத்தத்தில அவர் பிரிட்டிஷ் விமானப்படையில ரேடார் பகுதியில வேலை, புகாருக்குள்ள ஓடுபாதை தெரியாமல் வாற பிளேனை ரேடாரில பாத்து நிலத்தில இருந்தே குரல் குடுத்து இறக்கிற வேலை. அந்த ரேடியோ அறிவை வச்சு 1945 ஒக்டோபரில வயர்லெஸ் வேர்ல்ட் எண்ட சஞ்சிகையில ஒரு கட்டுரை போட்டார்: பூமி சுத்திற வேகத்திலயே சுத்திற மாதிரி, மத்திய கோட்டுக்கு மேல மூண்டு நிலையத்தை நிப்பாட்டினால் உலகம் முழுக்கக் கதைக்கலாம் எண்டு. என்ன உயரத்தில நிப்பாட்டுறது? இதை எங்கட ஓ.எல். பிள்ளை கல்குலேட்டரை வச்சே கண்டுபிடிக்கலாம். சந்திரன் 384,400 கிலோமீற்றர் தள்ளி நிண்டு ஒருக்காச் சுத்த 27.3 நாள் எடுக்குது. கிட்ட வரவர அந்த நேரம் குறையும், அப்ப எங்கயோ ஒரு தூரத்தில அது சரியா ஒரு நாளா வரத்தானே வேணும்? கெப்ளர் எண்ட வானியலாளற்ற விதிப்படி, சுத்திற நேரத்தின்ர வர்க்கமும் தூரத்தின்ர கனமும் ஒரே விகிதத்தில மாறும். அதால 27.3 ஐ அதாலயே பெருக்கி, வாற விடைக்குக் கனமூலம் எடுத்தால் 9.07 கிட்ட வரும். சந்திரன்ர தூரத்தை அதால பிரிச்சால் 42,400. அது பூமியின்ர நடுவில இருந்து, ஆரை 6,378 ஐக் கழிச்சுவிட்டால் நிலத்தில இருந்து 36,000 கிலோமீற்றர். வீட்டுக் கூரையில பூட்டிக் கிடக்கிற டிஷ் எல்லாம் அந்த உயரத்தைத்தான் பாத்துக்கொண்டு கிடக்கு.

பிழை விட்ட இடத்தையும் மறைக்கேல்ல. ட்ரான்சிஸ்டர் வராத காலம் எண்டபடியா, ரேடியோக் கருவியளுக்குள்ள எரிஞ்சுபோற கண்ணாடி வால்வை மாத்துறதுக்கு மேல ஆக்கள் குடியிருக்க வேணும் எண்டுதான் அவர் நினைச்சவர். அதுக்கு முதலே 1920களில பொட்டொச்னிக் எண்டவர் அந்தச் சுற்றுப்பாதையைப் பற்றி எழுதிப்போட்டார், கிளார்க் சேர்த்தது தொலைத்தொடர்பை. காப்புரிமையும் எடுக்கேல்ல. பேந்து "சும்மா இருந்த நேரத்தில ஒரு பில்லியன் டொலரை எப்பிடித் துலைச்சன்" எண்ட மாதிரித் தலைப்புப் போட்டுத் தன்னைத் தானே நக்கலடிச்சவர்.

எனக்குப் பிடிச்ச அத்தியாயம் வேற. 1979 இல வந்த அவற்ற நாவல் ஒண்டில விண்வெளிக்கு லிஃப்ட் கட்டுறாங்கள், அந்த 36,000 கிலோமீற்றரில இருந்து கயிறு தொங்கும், அது வந்து இறங்கிறது இலங்கையில. ஆனா கயிறு இறங்க இடம் மத்திய கோட்டில இருக்க வேணும், நாங்கள் இருக்கிறது அதுக்கு வடக்கால. மனுசன் என்ன செய்தவர் தெரியுமோ, கணக்கை வளைக்கேல்ல, நாட்டையே 800 கிலோமீற்றர் தெற்கால இழுத்து வச்சிட்டு, அதை முன்னுரையிலயே ஒத்துக்கொண்டும் போட்டார்! கதைக்காக ஒரு தீவை நகர்த்தலாம், ஈர்ப்பு விதியை நகர்த்த ஏலாது. லிஃப்ட் ஐடியா தன்ர இல்லை, 1960 இல ரஷ்ய எஞ்சினியர் அர்ட்சுட்டானொவ் எழுதினது எண்டும் சொல்லிப்போட்டார்.

மிச்சம் எல்லாம் புத்தகத்தில கிடக்கு. 1975 இல, இலங்கைக்கு ரீவியே வராத காலத்தில, இந்திய விண்வெளி ஆக்கள் வந்து கொழும்பில அவற்ற வீட்டில டிஷ் பூட்டிக் குடுத்தது, 1962 இல வாதம் வந்து கை கால் விழுந்தும், தண்ணிக்குள்ள பாரம் தெரியாது எண்டு பேந்தும் சுழியோடினது, ஹிக்கடுவையில இருந்த அவற்ற டைவிங் இடத்தை 2004 சுனாமி அள்ளிக்கொண்டு போனது, 90 வயசுப் பிறந்தநாளுக்கு மூண்டு ஆசை சொல்லி அதில ஒண்டா இந்த நாட்டில நிலையான சமாதானம் வேணும் எண்டது. அந்தப் பக்கத்தை எழுதேக்க எங்கட வாத்தியார் கனநேரம் ஒண்டும் கதைக்கேல்ல.

சரி, காசுக் கதை. 144 பக்கம், 1000 பிரதி, அச்சுச் செலவு 620,000 ரூபா. எங்கட ஒன்பது பேரின்ர காசும் தெரிஞ்ச ஆக்கள் தந்ததுமா 235,000 கையில இருக்கு. இன்னும் 385,000 வேணும். எழுதினதுக்கோ படம் கீறினதுக்கோ ஒருத்தரும் சதம் எடுக்கேல்ல. புத்தகம் விக்கிறதுக்கு இல்லை, மாவட்டத்துப் பள்ளிக்கூடங்களுக்கும் பொது நூலகங்களுக்கும் சும்மா குடுக்கத்தான். 620 ரூபா தந்தால் ஒரு பிரதி, அவ்வளவுதான். வெளிநாட்டில இருக்கிற ஆக்கள் பத்துப் பிரதி, இருபது பிரதி எண்டு பொறுப்பெடுத்தால் கெதியா முடியும், ஒரு பிரதிக்குத் தாற ஆளும் எங்களுக்கு ஒண்டுதான்.

எங்கட குழுவுக்குள்ளயே ஒருத்தர் சொன்னவர், கோயில் படத்தை முன் அட்டையில போட்டால்தான் சனம் காசு தரும், கணக்குக்கு ஆர் தருவினம் எண்டு. பெரிய சண்டையே வந்தது. கடைசியில முன் அட்டையில சுழியோடியும் மேல செய்மதியும், கோயில் தூண் உள்ளுக்க 23 ஆம் பக்கத்தில.

இப்பிடிக் காசு சேர்த்துப் பேந்து புத்தகத்தையே காணாத கதையளும் உங்களுக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும், நாங்களும் ஒருக்காக் குடுத்து ஏமாந்த ஆக்கள்தான். அதால பற்றுச்சீட்டு எழுதாமல் ஒரு சதமும் வாங்க மாட்டம், அச்சகத்தின்ர பில்லையும் எந்தப் பள்ளிக்கூடத்துக்கு எத்தினை போனது எண்ட லிஸ்டையும் தந்த எல்லாருக்கும் அனுப்புவம். வங்கிக் கணக்கு விபரத்தைப் பொதுவில போடேல்ல, கேக்கிற ஆக்களுக்குத் தனியா அனுப்புறம். கடைசிப் பக்கத்தில தந்த ஆக்களின்ர பேர் வரும், பேர் வேண்டாம் எண்டால் முதலே சொல்லிப்போடுங்கோ, அந்தப் பக்கம்தான் கடைசியா அச்சுக்குப் போகுது.