ஓட்டப் பயிற்சியில் இருக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு, வணக்கம்.

பக்கத்துப் பள்ளிகளோடு மோதும் குறுவட்டப் போட்டிக்காகத் திங்கள், புதன், வெள்ளி காலை 6.30 மணிக்கு நம் உடற்கல்வி ஆசிரியர் பயிற்சி தருகிறார். "மூன்று நாள் போதுமா சார்?" என்று உங்களில் பலர் கேட்டீர்கள். சிலர் மாலையிலும் பிள்ளையைத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குக் கூட்டிப்போய் மணலில் ஓட வைக்கிறீர்கள். உங்கள் அக்கறை புரிகிறது. ஆனாலும் போட்டி முடியும்வரை அதை நிறுத்தி வையுங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

முழு வேகத்தில் ஓடும்போது தசையில் இருக்கும் உடனடிச் சக்தி சுமார் பத்து வினாடிக்குள் பெரும்பாலும் தீர்ந்துவிடும். இறைத்த கிணறு போல அது மறுபடி ஊற மூன்று முதல் ஐந்து நிமிடம் வேண்டும். அதனால்தான் 30 மீட்டர் ஓடிய பிள்ளை மூன்று நிமிடம் சும்மா நடக்கிறது. கேட் பக்கம் நின்று பார்ப்பவர்களுக்கு அது சோம்பலாகத் தெரியலாம். மூச்சு வாங்க வாங்க ஓடினால் மெதுவாக ஓடத்தான் பழகும். மணலும் அப்படித்தான். வேகமாக ஓடுபவரின் பாதம் தரையைத் தொட்டதும் எழும்ப வேண்டும். மணலில் அது புதைந்து நின்றுவிடுகிறது.

சென்ற ஆண்டு ஐந்து நாளும் ஓட வைத்தோம். போட்டிக்கு முந்தின வாரம் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனுக்குப் பின்தொடைத் தசை கிழிந்தது. ஆறு வாரம் அவன் மைதானத்துக்கு வரவில்லை. அது எங்கள் தவறு. இந்த ஆண்டு அட்டவணை மாறியதற்கு அவனே காரணம்.

திங்கட்கிழமை புறப்பாடும் முதல் 20 மீட்டரும். புதன்கிழமை உச்ச வேகம். 2009இல் பெர்லினில் 100 மீட்டரை 9.58 வினாடியில் ஓடிய உசைன் போல்ட்டே உச்ச வேகத்தை எட்டியது 60 மீட்டரைத் தாண்டித்தான். எடுத்த எடுப்பில் அது வராது, படிப்படியாகத்தான் ஏறும். வெள்ளிக்கிழமை கிளித்தட்டு, அதாவது கோட்டில் நிற்பவர் தொடாமல் கட்டங்களைக் கடக்கும் விளையாட்டு. "விளையாடவா அனுப்பினோம்?" என்று ஒரு தாய் வருத்தப்பட்டார். அம்மா, தரையில் கூம்புகளை வைத்து அவற்றைச் சுற்றி ஓடினால் எங்கே திரும்ப வேண்டும் என்று முன்பே தெரிந்துவிடும். கிளித்தட்டில் எதிராளியின் இடுப்பைப் பார்த்து, உடம்பைத் தாழ்த்தி, அடியைக் குறுக்கி நொடியில் திரும்ப வேண்டும். கபடிக்கும் கால்பந்துக்கும் வேண்டிய சுறுசுறுப்பு அதுதான்.

வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள். இரண்டு வாழைப்பழமோ ஒரு டம்ளர் கேழ்வரகுக் கூழோ போதும். இரவு ஒன்பதரைக்குள் படுக்க வையுங்கள், செல்போன் உங்களிடம் இருக்கட்டும். ஐப்பசி மழையில் மைதானத்தில் தண்ணீர் நின்றால் வராந்தாவில் பயிற்சி நடக்கும்.

எட்டாம் வகுப்புக்கு மேல் பெண் பிள்ளைகள் வருவது குறைந்துவிடுகிறது. இது எனக்குப் பெரிய வருத்தம். பயிற்சி முடியும்வரை ஓர் ஆசிரியை உடன் இருப்பார். மாதவிலக்கு நாட்களில் ஓடுவதா, ஓய்வெடுப்பதா என்பதை அந்தப் பிள்ளையே சொல்லலாம். தயங்காமல் அனுப்புங்கள்.

காலில் வலி இருந்தால் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். அதற்காக யாரையும் அணியிலிருந்து நீக்க மாட்டோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்
கடலூர்