வாடின பூவைத் தூக்கிப் போட்டுவிடாதே

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய ரோஜாப் படங்கள் வந்தன. அழகாகத்தான் எடுத்திருக்கிறாய். ஆனால் கீழே, "வாட ஆரம்பிச்சிடுச்சு, நாளைக்குத் தூக்கிப் போட்டுடுவேன்" என்று எழுதியிருந்தாயே, அதைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. வேண்டாம்மா, போடாதே. இனிமேல்தான் அதில் எடுப்பதற்கு எவ்வளவோ இருக்கிறது.

அன்று மலர்ந்த ரோஜாக்கள் பெரும்பாலும் ஒரே அச்சு. வாடும்போது ஒவ்வொன்றும் தன் போக்கில் போகும். ஒன்று கழுத்தைத் தொங்கப்போடும், இன்னொன்று நின்றபடியே காயும். நீர் வற்ற வற்ற இதழ் மெலிந்து நரம்பு தெரியும். சிவப்பு ரோஜாவின் ஓரத்தை உற்றுப் பார், நீலம் கலந்த ஊதா ஏறியிருக்கும். இதழுக்கு வயதாகும்போது அதன் செல்களுக்குள் இருக்கும் சாற்றின் அமிலத்தன்மை குறைகிறது. சிவப்பைக் கொடுத்த அதே நிறமி நீலத்தின் பக்கம் சாய்கிறது. அந்த ஊதாவை எந்த மொட்டிலும் நான் பார்த்ததில்லை. டூலிப் வேறு மாதிரி: இதழை மல்லாக்க விரித்து உள்ளே இருக்கும் மகரந்தப்பைகளை எல்லாம் காட்டிவிட்டுத்தான் உதிரும்.

இர்விங் பென் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் 1967 முதல் 1973 வரை வோக் பத்திரிகைக்காக ஆண்டுக்கு ஒரு வகைப் பூவை எடுத்தார். பழுப்பேறி, புள்ளி விழுந்து, முறுக்கிக்கொண்ட பூக்கள்தான் அவருக்குப் பிடித்தவை. தேடிப் பார்.

சரி, எடுக்கும் விதத்துக்கு வருகிறேன். பிளாஷ் வேண்டவே வேண்டாம், சுருக்கமெல்லாம் தட்டையாகிவிடும். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும். நரம்பு தெரிய வேண்டுமென்றால் பூவை ஜன்னலுக்கும் கேமராவுக்கும் நடுவில் வை. மேக்ரோ லென்ஸில் கிட்டப் போனால் ஒரு மடிப்பு மட்டும்தான் தெளிவாக விழும்; அதனால் லென்ஸின் துளையைச் சுருக்கி எஃப் 11 வரை போ, கேமராவை முக்காலியில் (டிரைபாட்) வைத்து டைமர் போடு. காய்ந்த இதழ் மூச்சுக் காற்றுக்கே ஆடும். தண்ணீர் தெளித்துப் பளபளப்பாக்காதே, எனக்கு அது பிடிக்காது. உதிர்ந்ததையும் பெருக்கிவிடாதே, விழுந்த இடத்திலேயே கிடக்கட்டும்.

ஜாடித் தண்ணீரை மட்டும் மாற்று. கேமரா இருந்த இடத்தை அடையாளம் வைத்துக்கொண்டு அதே கோணத்தில் தினமும் ஒன்று எடு. உன் படத்தில் இடது ஓரம் சாய்ந்து நிற்கிறதே, அந்தப் பூவிலிருந்து ஆரம்பி. எடிட் செய்யாமல் அப்படியே அனுப்பு.

அன்புடன்,
அப்பா