ஆடி முடிவதற்குள்

சேலம், குகை
27.7.2025

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். புதன்கிழமை போனில் நீ கேட்டதற்கு "பார்க்கலாம்மா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அதில் உனக்கு வருத்தம் என்று அம்மா சொன்னாள். பிடிவாதத்தில் சொல்லவில்லை கண்ணு. கடையில் ஆள் நின்றிருந்தார்கள். நின்றுகொண்டே சொல்லி முடிக்கிற விஷயமும் இல்லை. ஆடி மாதம், கல்யாணப் பத்திரிகை வேலை கிடையாது. மாரியம்மன் பண்டிகை நோட்டீஸ்களும் போன வாரத்தோடு அச்சுக்குப் போய்விட்டன. அதனால் இன்றைக்கு நிதானமாக உட்கார்ந்து எழுதுகிறேன்.

அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்றுவிடும், அதற்குள் 11-க்கு மாறிவிடுங்கள் என்றாய். பழைய சிஸ்டத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள், பணம் அனுப்புகிறேன் என்றாய். தேதி எனக்கும் தெரியும். தீபாவளிக்கு ஆறு நாள் முன்னால் வருகிறது. இரண்டு மாதமாக ராத்திரியில் இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் ஒன்று. நம் கடை சிஸ்டத்தில் 11 ஏறாது. மைக்ரோசாஃப்டே கொடுக்கிற சோதனை மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். நம்முடையது இன்டெல் மூன்றாம் தலைமுறை பிராசசர். அவர்கள் கேட்பது எட்டாம் தலைமுறையும் அதற்கு மேலும். சாவிகளைப் பத்திரமாக வைத்திருக்கிற டி.பி.எம். 2.0 என்ற சில்லும் மதர்போர்டில் வேண்டுமாம். நம்முடையதில் இல்லை. ஐந்து ரோட்டில் சர்வீஸ் பார்க்கிற தம்பி, "அண்ணா, அந்தச் சோதனையைத் தாண்டி ஏத்திடலாம், நிறைய பேருக்குப் பண்ணியிருக்கேன்" என்றான். செய்யலாம்தான். ஆனால் அப்படி ஏற்றினால் திருத்தங்கள் வரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை என்று நிறுவனமே சொல்லியிருக்கிறது. திருத்தத்துக்காகத்தானே மாறுவது? வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆக, மாறுவது என்றால் வேறு பெட்டி வாங்குவதுதான்.

பெட்டி வாங்குவதில் எனக்குத் தயக்கம் இல்லை. பழையதைத் தூக்கிப் போடச் சொன்னாயே, அங்கேதான் என் மனசு நின்றுவிட்டது.

அதில் என்ன இருக்கிறது என்று உனக்கு முழுதாகத் தெரியாது. சின்ன வயதில் கடைக்கு வந்து பெயின்ட்டில் படம் வரைந்துவிட்டுப் போவாய், அவ்வளவுதான். 1997-ல் கடை போட்டதிலிருந்து நான் கம்போஸ் செய்த பத்திரிகைகள், வருஷ வாரியாக ஃபோல்டர் போட்டு நாலாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. எல்லாம் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளின் கோப்புகள். பாதி பாமினி எழுத்துருவில். மீதி, அந்தக் காலத்தில் காசு கொடுத்து வாங்கிய அலங்கார எழுத்துருக்களில். அந்த எழுத்துரு மென்பொருளுக்கு ஒரு பூட்டு உண்டு, ஞாபகம் இருக்கிறதா? சி.பி.யு.வின் பின்னால், பழைய பிரிண்டர் கேபிள் செருகுகிற இடத்தில் செருகி வைத்திருப்பேன். அதை நீ ஒருமுறை பிடுங்கிவிட்டு, திட்டு வாங்கி அழுதாய். அது இல்லையென்றால் எழுத்து வராது.

அந்தப் பூட்டை சிஸ்டத்தோடு பேச வைக்கிற டிரைவர் என்ற சின்ன மென்பொருள், 32-பிட் என்கிற பழைய வகை விண்டோசுக்கு எழுதியது. நம் சிஸ்டம் 2013-ல் வாங்கும்போது விண்டோஸ் 7, 32-பிட். 2016-ல் இலவசமாகக் கொடுத்தபோது அதன் மேலேயே 10-ஐ ஏற்றினோம், அதனால் அதுவும் 32-பிட்டாகவே வந்தது. பூட்டும் வேலை செய்தது. 11-இல் 32-பிட் பதிப்பே கிடையாது. இருப்பது 64-பிட் மட்டும். அது 32-பிட் டிரைவரை ஏற்காது, முறையாகக் கையொப்பமிடாத டிரைவரையும் உள்ளே விடாது. புதிதாக எழுதி வாங்கலாம் என்றால் அதை விற்றவர்கள் கடையை மூடிப் பல வருஷம் ஆகிறது. புதிய பெட்டிக்குள்ளேயே பழைய விண்டோசை ஒரு விர்ச்சுவல் மெஷினாக, அதாவது சிஸ்டத்துக்குள் இன்னொரு சிஸ்டம் மாதிரி, ஓட்டலாம் என்று சொன்னாய். நல்ல யோசனைதான், ஆனால் நான் பார்த்த புதிய மாடல் எதிலும் அந்தப் பூட்டைச் செருக இடமே இல்லை.

"அப்பா, எல்லாவற்றையும் யூனிகோடில் மாற்றிவிடுங்கள்" என்று நீ சொல்வாய். நீ எழுதுவதெல்லாம் யூனிகோடு, எந்த எழுத்துரு போட்டாலும் தமிழ் தமிழாகவே இருக்கிற பொதுக் குறியீடு, அதனால் உனக்கு இது விளங்க ஓர் உதாரணம் சொல்கிறேன். பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் திரையில் அம்மா தெரியும். உள்ளே சேமித்திருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில எழுத்துகள். அந்த எழுத்துரு இருக்கிற வரைக்கும் அது அம்மா. எழுத்துரு போய்விட்டால் யாருக்கும் புரியாத ஐந்து குறிகள். பாமினிக்காவது மாற்றிக் கொடுக்கிற மென்பொருள் நிறைய இருக்கிறது, யூனிகோடுக்குச் சுத்தமாக வந்துவிடும். அந்தப் பூட்டுப் போட்ட எழுத்துருக்களுக்கு நான் தேடிய வரையில் அப்படி எதுவும் கிடைக்கவில்லை. பேஜ்மேக்கருக்கு யூனிகோடே தெரியாது என்பது தனிக் கதை.

போன வைகாசியில் அம்மாபேட்டையிலிருந்து ஓர் அம்மா வந்தார்கள். பேத்திக்குக் கல்யாணம். 2003-ல் அவர்கள் மூத்த மகளுக்கும், 2011-ல் மகனுக்கும் நான்தான் பத்திரிகை அடித்தேன். வீடு மாறும்போது பழைய பத்திரிகைகள் எல்லாம் போய்விட்டன என்றார்கள். நான் 2003 ஃபோல்டரைத் திறந்தேன். அதில் வீட்டுப் பெரியவர் பெயர் முதல் வரியில் இருக்கிறது. 2011-இல் அதே பெயருக்கு முன்னால் 'தெய்வத்திரு' சேர்த்திருக்கிறேன். அழைப்பவர் இடத்தில் மகன் பெயர். கீழே தங்கள் நல்வரவை விரும்புகிறவர்கள் வரிசை: மாமா வீடு, சித்தப்பா வீடு, ஓமலூர்ப் பங்காளிகள், வரிசை மாறாமல். அந்த அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தபடியே ஒவ்வொரு பெயராகச் சொன்னார்கள். இவர் இருக்கிறார், இவர் போய்விட்டார், இவர்களோடு பேச்சு இல்லை, இருந்தாலும் போடுங்கள், பெயர் விடக்கூடாது. ஒன்றரை மணி நேரம். கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் எழுந்தார்கள்.

ஒரு பெயர் விட்டுப்போனால் கல்யாண வீட்டில் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியும். இந்த ஊரில் எத்தனையோ குடும்பங்களுக்கு யார் யார் உறவு என்பதற்கு எழுதி வைத்த கணக்கு நம் கடையில்தான் இருக்கிறது. அதனால்தான் தூக்கிப் போடு என்றதும் எனக்கு வாய் வரவில்லை.

அப்படியானால் இருக்கிறபடியே வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேனா என்றால், வைகாசி வரை அப்படித்தான் நினைத்தேன். விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலில் ஆதரவு நின்ற பிறகும், இதற்கு முந்தைய சிஸ்டத்தில் நான் அதையே பல மாதம் ஓட்டியிருக்கிறேன். ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததால் தைரியம் வந்துவிட்டது. அந்தத் தைரியம் தப்பு என்று இப்போது நினைக்கிறேன்.

நம் பக்கத்திலேயே ஓர் அச்சகத்தில், பெயர் வேண்டாம், ஒரு நாள் காலையில் எல்லாக் கோப்புகளும் பூட்டிக்கொண்டன. பணம் கட்டு என்று திரையில் ஓர் அறிவிப்பு. பேக்கப்பும் அதே சிஸ்டத்தில் செருகியே இருந்த ஹார்ட் டிஸ்க்கில் இருந்ததால் அதுவும் போனது. அவர் என் வயதுக்காரர். கடை வாசலில் ஒரு வாரம் சும்மா உட்கார்ந்திருந்தார். 2017 மே மாதம் வான்னாகிரை என்று இதே மாதிரி கோப்புகளைப் பூட்டுகிற வைரஸ் வந்ததே, அதை நீயே எனக்குச் சொல்லியிருக்கிறாய். அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் இரண்டு மாதம் முன்னாலேயே, மார்ச்சில் வந்துவிட்டது. அதைப் போடாமல் விட்ட சிஸ்டங்கள்தான் மாட்டின. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகளில் அறுவை சிகிச்சையைக்கூடத் தள்ளி வைத்தார்கள். அக்டோபருக்குப் பிறகு நம் சிஸ்டத்துக்கு அந்தத் திருத்தமே வராது.

என் கோப்புகள் மட்டும் என்றால்கூட நான் துணிந்திருப்பேன். ஆனால் இப்போது கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் பத்திரிகைக்கு வருவதில்லை. டி.என்.பி.எஸ்.சி. விண்ணப்பம், வருமானச் சான்று, கல்லூரி சேர்க்கை என்று வருகிறார்கள். ஆதார், பான், மார்க் ஷீட், கையெழுத்து எல்லாவற்றையும் ஸ்கேன் செய்கிறேன். வாட்ஸப்பிலும் அனுப்புகிறார்கள். போன மாதம் டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன் பாப்பா. நான் அழிக்க மறந்த ஆதார் நகல்கள் மட்டும் 340 இருந்தன. கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிற பிள்ளைகள், பூ விற்கிற அம்மா, அவர்கள் எல்லாம் என்னை நம்பித் தந்தது. என் சோம்பலால் அது வெளியே போனால் நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு இந்தத் தெருவில் நடப்பேன்? அன்றைக்கே எல்லாவற்றையும் அழித்தேன். அன்றைக்குத்தான் முடிவும் எடுத்தேன்.

இரண்டு பெட்டி. புதியதில் விண்டோஸ் 11. இணையம், வாட்ஸப், விண்ணப்பங்கள், ஜி.எஸ்.டி., பேங்க் எல்லாம் அதில் மட்டும். பழையதில் நெட் கேபிளைக் கழற்றிவிடுகிறேன், வைஃபையும் கிடையாது. அது பேஜ்மேக்கருக்கும் அந்தப் பூட்டுக்கும் மட்டும். நெட் இல்லாவிட்டாலும் பென் டிரைவ் வழியாக வரும் என்று எனக்குத் தெரியும். எத்தனை ஷார்ட்கட் வைரஸ் பார்த்திருக்கிறேன். அதனால் வாடிக்கையாளர் பென் டிரைவ் எதையும் பழையதில் செருகுவதில்லை. சிவப்பு நூல் கட்டிய ஒரே ஒரு பென் டிரைவ், அது பழையதிலிருந்து புதியதற்குக் கோப்பு கொண்டுபோக. திரும்பி வருவதற்கு முன்னால் புதியதில் வைத்து ஃபார்மட் செய்துவிடுவேன்.

2026 அக்டோபர் 13 வரை 10-க்கே திருத்தம் வாங்கிக்கொள்ள ஒரு வழி வைத்திருக்கிறார்களே, அதையும் படித்தேன். 30 டாலர், இல்லையென்றால் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அமைப்புகளைச் சேமித்து வைக்கச் சம்மதித்தால் பணம் வேண்டாம். கை நெருக்கடியில் இருக்கிறவர்களுக்கு நல்ல வழிதான். நமக்கு அடுத்த ஆடியில் இதே பேச்சு மறுபடி வரும். விண்டோசுக்குப் பதிலாகப் போடலாம் என்று மாப்பிள்ளை சொன்ன லினக்ஸ் மின்ட்டையும் பென் டிரைவில் வைத்து ஓட்டிப் பார்த்தேன். அந்தப் பழைய பெட்டியில் அவ்வளவு லேசாக ஓடியது, தமிழும் அழகாகத் தெரிந்தது. என் பூட்டு மட்டும் இல்லையென்றால் அதையே போட்டிருப்பேன். அவரிடம் சொல்.

பழைய பெட்டியும் ஒரு நாள் நின்றுவிடும். அதற்குள் கோப்புகளை வெளியே எடுக்க வேண்டும். ஒவ்வொன்றாகத் திறந்து பி.டி.எஃப். ஆக்குகிறேன். பி.டி.எஃப். எழுத்தின் வடிவத்தைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போகும், எந்தச் சிஸ்டத்திலும் அப்படியே தெரியும். அப்புறம் பெயர்களை மட்டும் யூனிகோடில் அடித்துப் பக்கத்தில் வைக்கிறேன், பிறகு தேடினால் கிடைக்க வேண்டும் அல்லவா? அதற்காக இந்த வயதில் தமிழ் 99 விசைப்பலகை முறையைக் கற்றுக்கொள்கிறேன். விண்டோசிலேயே இருக்கிறது, தனியாக எதுவும் போட வேண்டியதில்லை. டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்த விரல்கள் இன்னும் பழைய இடத்துக்கே போகின்றன. ஆனால் மெய்யெழுத்து தானாகப் புள்ளி வைத்துக்கொள்வது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. புரூஃப் அம்மா பார்க்கிறாள், அவள் கண்ணுக்கு இன்னும் ஒரு சந்திப் பிழைகூடத் தப்புவதில்லை. ஒரு நாளைக்குப் பத்துக் கோப்பு ஆகிறது. நேற்றோடு 1999 முடிந்தது. ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு ஆள் வர ஆரம்பித்தால் வேகம் குறையும், அதனால் இப்போது ஓட்டமாக ஓட்டுகிறோம்.

புதிய பெட்டிக்கு 38,000 சொல்லியிருக்கிறார்கள், எஸ்.எஸ்.டி.யோடு. பணம் இருக்கிறதுமா, நீ அனுப்பாதே. உன்னிடம் வேறு ஒன்று வேண்டும். ஆடி 18 கழித்து அடுத்த ஞாயிறு, 10-ஆம் தேதி, காலை பத்து மணிக்கு வீடியோவில் வா. 11-ஐ முதலில் திறக்கும்போது ஒரு மைக்ரோசாஃப்ட் கணக்கு கேட்கும் என்கிறார்கள். என் பழைய மெயிலையே கொடுப்பதா, கடைக்கென்று தனியாக ஒன்று தொடங்குவதா என்று யோசித்துச் சொல். டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற வசதி இருக்கிறதாமே, அதன் மீட்புச் சாவியை எங்கே எழுதி வைப்பது என்றும் காட்டு. எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் அம்மா திறக்க வேண்டும்.

1998 ஃபோல்டரில் உன் காதணி விழாப் பத்திரிகை கிடைத்தது. அப்பாயி பெயர், தாத்தா பெயர் எல்லாம் முதல் வரியில். பி.டி.எஃப். வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறேன். அதில் தாய்மாமன் பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருக்கிறது, இத்தனை வருஷம் யாரும் என்னிடம் சொல்லவில்லை. திருத்தாமல் அப்படியேதான் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா