பழைய கன்சோலை எடைக்குப் போட்டுவிடாதே

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கோவையில் வேலை கிடைத்ததில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அம்மாவுக்கு முட்டிவலி தேவலை, மாடிப்படி மட்டும் ஏறுவதில்லை.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். உங்கள் சமுதாய வானொலியில் ஒலிகளைக் கலக்கும் கன்சோலைத் தூக்கிவிட்டுக் கணினியிலேயே மிக்ஸிங் செய்யலாமா என்கிறாய். நாங்கள் மாறிவிட்டோம், ஆனால் முழுசாக அல்ல.

தொலைபேசி நிகழ்ச்சிக்காகவே மாறலாம். நேயருக்கு நிலையத்தின் ஒலி எல்லாம் போக வேண்டும். அவர் குரல் மட்டும் அவருக்கே திரும்பக் கூடாது, திரும்பினால் பேச்சு தடுமாறிவிடும். இந்த மிக்ஸ்-மைனஸுக்காக கன்சோலில் ஒலியைத் தனி வழியில் அனுப்பும் ஆக்ஸ் குமிழ்களோடு நாம் பட்ட பாடு மறந்திருக்காதே? இரண்டாவது நேயரும் லைனில் வந்துவிட்டால் தொலைந்தோம். இப்போது ஒவ்வோர் அழைப்புக்கும் மென்பொருளே தனியாகப் போட்டுக்கொள்கிறது. நிகழ்ச்சிக்கு ஓர் அமைப்பைச் சேமித்தும் வைக்கலாம். முந்தைய ஷிப்ட் ஆள் திருகிவிட்டுப் போன, ஒலியின் கனத்தையும் கூர்மையையும் மாற்றும் ஈக்யூவைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

தொல்லை ஹெட்ஃபோனில்தான். கணினி ஒலியைப் பஃபர் என்னும் தற்காலிக இடத்தில் நிரப்பி நிரப்பித்தான் வேலை செய்யும். 48 கிலோஹெர்ட்ஸில், அதாவது வினாடிக்கு 48,000 ஒலித்துணுக்குகள் (சாம்பிள்) என்ற கணக்கில், 256 சாம்பிள் பஃபர் என்றால் 5.3 மில்லிவினாடி தாமதம். உள்ளே வர ஒரு முறை, வெளியே போக ஒரு முறை என்று 10-ஐத் தாண்டிவிடும். பாட்டுக்கு இது ஒன்றுமே இல்லை. அறிவிப்பாளர் பாடுதான் திண்டாட்டம். அவர் குரல் எலும்பு வழியாக உடனே காதுக்குப் போய்விடுகிறது, ஹெட்ஃபோனில் பின்னால் வருகிறது. இரண்டும் கலந்து குடத்துக்குள் பேசுவது போலக் கேட்கும். பஃபரை 64 ஆகக் குறைத்தால் சாதாரணக் கணினி திணறி, ஒலி பொரியத் தொடங்கிவிடும். அதனால் மைக்கை மட்டும் கணினிக்குள் போகும் முன்பே, மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டியிலிருந்து நேராக ஹெட்ஃபோனுக்குக் கொடுத்துவிட்டோம். வாங்கும்போது அந்த வசதி இருக்கிறதா என்று பார்.

அடுத்தது விரல். மவுஸால் ஒரு நேரத்தில், ஒலியளவை ஏற்றி இறக்கும் ஒரு ஃபேடரைத்தான் நகர்த்த முடியும். பாட்டை இறக்கிக்கொண்டே மைக்கை ஏற்றுவது எப்படி? யூஎஸ்பியில் செருகும் ஃபேடர் பெட்டி ஒன்று வாங்கினோம். பெரிய நிலையங்களிலும் இதே ஏற்பாடுதான். ஆக்ஸியா, லாவோ போன்ற நிறுவனங்களின் அமைப்புகளில் மேசைமேல் இருக்கும் ஃபேடர் பலகை பெரும்பாலும் கட்டளை கொடுப்பதோடு சரி. கலப்பது வேறு அறை ரேக்கில் இருக்கும் எஞ்சின், ஒலி போவது நெட்வொர்க் கேபிளில். 2013இல் நெட்வொர்க்கில் ஒலி அனுப்புவதற்கான ஏஇஎஸ்67 என்ற பொதுத் தரம் வந்த பிறகு, அதை ஏற்கும் வெவ்வேறு நிறுவனக் கருவிகளும் ஒன்றோடொன்று ஒலியைப் பரிமாறிக்கொள்கின்றன. நம் பட்ஜெட்டுக்கு அதெல்லாம் வேண்டாம்.

மைக் திறந்தால் ஸ்டூடியோ ஸ்பீக்கர் தானாக அடங்குகிறதா என்று முதல் நாளே சோதித்துவிடு. கணினியின் அறிவிப்பு ஒலிகளை வேறு சவுண்ட் கார்டுக்குத் தள்ளிவிடு. இங்கே ஒருநாள் இரங்கல் செய்தி வாசிக்கும்போது 'டிங்' என்று மணியடித்து, நேயர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டோம்.

பழைய கன்சோலை எடைக்குப் போட்டால் என்ன பெரிதாக வந்துவிடப் போகிறது? ஒரு மைக்கையும் பாட்டு நிரப்பிய செல்போனையும் அதில் மாட்டி, டிரான்ஸ்மிட்டருக்கு ஒரு ஸ்விட்ச் போட்டு வை. ஒலிபரப்பின் நடுவே கணினி ரீஸ்டார்ட் ஆனால் உனக்கு அதுதான் கதி.

எந்த இன்டர்ஃபேஸ் பார்த்து வைத்திருக்கிறாய் என்று எழுது. பொங்கலுக்கு ஊருக்கு வந்தால் நிலையத்துக்கும் வா, ஒரு நிகழ்ச்சியை நீயே ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்.

அன்புடன்,
குமார்