முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சைவ புரோட்டீன் நல்லதா அசைவ புரோட்டீன் நல்லதான்னு எங்க பார்த்தாலும் சண்டை, ஆனா நம்ம சத்துணவு கூடத்துல நடக்கறத யாரும் பேசறதில்ல. முட்டை வேணாம்னு சொல்ற பிள்ளைக்கு பதிலுக்கு வாழைப்பழம் குடுக்கறாங்க. ஒரு முட்டைல 6 கிராம் புரோட்டீன் இருக்கு, 100 கிராம் பழத்துல ஒரு கிராம் தேறுனாலே பெருசு. பழம் நல்லதுதான், ஆனா அது எப்படிங்க முட்டைக்கு ஈடாகும்?

முட்டைய நான் குறை சொல்லல. 1982ல எம்.ஜி.ஆர் சத்துணவு கொண்டு வந்தாரு, 1989ல கலைஞர் ரெண்டு வாரத்துக்கு ஒரு முட்டை சேர்த்தாரு, 2010ல அது வாரத்துக்கு அஞ்சாச்சு. மத்த மாநிலத்துல பிள்ளைங்களுக்கு முட்டை போடலாமா வேணாமான்னு இன்னும் அடிச்சிக்கறாங்க, நம்ம ஊர்ல அந்தப் பேச்சே இல்ல, அதுல எனக்கு ரொம்பப் பெருமை. முட்டை புரோட்டீன் உடம்புல சுலபமா ஒட்டும், வைட்டமின் பி12 இருக்கு, பயறு வகைல அது கிடையாது. சாப்பிடற பிள்ளைக்கு அதைக் குறைக்கவே கூடாது.

ஆனா எங்க சின்னவ மாதிரி வாசனை பட்டாலே குமட்டற பிள்ளைங்க இருக்கு, வீட்ல பழக்கமில்லாததுங்க இருக்கு, அலர்ஜி உள்ளதுங்களும் இருக்கு. "அதான் சாம்பார் ஊத்தறோமே"ன்னு சொல்லிடறாங்க. கணக்குப் போட்டுப் பாருங்க, நாலு பேர் இருக்கற வீட்ல 100 கிராம் துவரம்பருப்பு போட்டா மொத்தமே 22 கிராம் புரோட்டீன், ஆளுக்கு அஞ்சரைதான், அதுவும் அடில தங்கற பருப்பையும் கலக்கி சமமா ஊத்துனாத்தான், மேலாப்புல தண்ணிய மோந்து ஊத்துனா அதுவும் இல்ல. 60 கிலோ எடை இருக்கறவருக்கு ஒரு நாளைக்கு சுமார் 50 கிராம் புரோட்டீன் வேணும். பருப்பு மட்டம்னு இதுக்கு அர்த்தமில்ல, நாம போடற அளவுதான் பத்தல. லைசின், மெத்தியோனின்னு ரெண்டு அமினோ அமிலம் இருக்கு, புரோட்டீனே இந்த மாதிரி துண்டுங்க சேர்ந்ததுதான். அரிசில லைசின் கம்மி, பருப்புல அது நிறைய, பருப்புல மெத்தியோனின் கம்மி, அதை அரிசி ஈடு கட்டும், இட்லி மாவுல அரிசியோட உளுந்து சேர்றப்பவும் நடக்கறது இதேதான்.

அதனால கேக்கறேன், முட்டை வேணாம்ங்கற பிள்ளைக்கு அந்த இடத்துல சுண்டல் குடுங்க. 30 கிராம் கருப்பு கொண்டக்கடலைய ராத்திரி ஊற வெச்சு காலைல வேக வெச்சா கிட்டத்தட்ட 6 கிராம் புரோட்டீன் கிடைச்சிடும், முட்டைக்குப் பக்கத்துல வந்துருச்சு. நல்லா ஊறி வெந்தா வயித்துக்கும் ஒண்ணும் பண்ணாது. கொண்டக்கடலையும் பச்சைப்பயறும் ஏற்கனவே சத்துணவு லிஸ்ட்ல இருக்கறதுதான், ஒதுக்கீட்ட மட்டும் கூட்டணும். பி12க்கு ஒரு டம்ளர் பாலோ தயிரோ சேர்த்தா இன்னும் நல்லது. வாழைப்பழத்தையும் நிறுத்த வேணாம், சுண்டலோட சேர்த்தே குடுக்கட்டும்.

இப்படிக்கு,
அரசுப் பள்ளில படிக்கற ரெண்டு பிள்ளைங்களோட அம்மா,
திருச்சி