மூன்று மெஷினும் ஒரு டாட்ஃபைல் ஃபோல்டரும்

அன்புள்ள செந்தில்,

உன் பெரியவளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுபடி பேப்பர் படிக்க ஆரம்பித்துவிட்டார்.

ஆபீசில் ஒரு லினக்ஸ், வீட்டில் ஒன்று, இப்போது புது மேக். மூன்றுக்கும் செட்டிங்ஸைப் பென்டிரைவில் தூக்கிக்கொண்டு அலைகிறாயாமே, அதை முதலில் விடு. எது கடைசியாகத் திருத்திய காப்பி என்று கொஞ்ச நாளில் உனக்கே தெரியாமல் போகும்.

எல்லா டாட்ஃபைலையும் (புள்ளியில் தொடங்கும் பெயருள்ள செட்டிங்ஸ் ஃபைல்கள்) ஒரே ஃபோல்டரில் சேர்த்து, மாற்றங்களை வரிசையாகப் பதிந்து வைக்கும் கிட்டில் ஏற்று. ஹோம் ஃபோல்டரில் அந்த ஃபைல்களைச் சுட்டும் வெறும் சிம்லிங்க் இருந்தால் போதும். லிங்க் போட குனு ஸ்டோ என்ற ப்ரோக்ராம் இருக்கிறது. டாட்ஃபைல்ஸ் ஃபோல்டரை ஹோமிலேயே வை. அதற்குள் விம் என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் உன் .விம்ஆர்சி (விம் எடிட்டரின் செட்டிங்ஸ் ஃபைல்). டாட்ஃபைல்ஸுக்குள் போய் ‘ஸ்டோ விம்’ என்று அடித்தால் ஹோமில் லிங்க் வந்துவிடும். அதே பெயரில் நிஜ ஃபைல் ஏற்கெனவே இருந்தால் ஸ்டோ அதன்மேல் கை வைக்காது, கான்ஃப்ளிக்ட் என்று சொல்லி நின்றுவிடும். இந்தக் குணத்துக்காகவே எனக்கு அதைப் பிடிக்கும்.

ஆனால் மூன்றும் அச்சு அசலாக ஒன்றாக இருக்கணும் என்று பிடிவாதம் பிடிக்காதே. 2019-இல் வந்த கேட்டலினா என்ற மேக்ஓஎஸ் பதிப்பிலிருந்து மேக்கில் இசட்-ஷெல்தான் டீஃபால்ட் ஷெல் (நாம் அடிக்கும் கட்டளைகளை ஓட்டும் ப்ரோக்ராம்). உன் லினக்ஸில் பாஷ். ஏலியாஸ்களை (கட்டளைகளுக்கு நீ வைத்த குறும்பெயர்கள்) இரண்டுக்கும் பொதுவான ஒரு ஃபைலில் வைத்து, இரண்டு ஷெல்லும் அதை சோர்ஸ் செய்யட்டும், அதாவது படித்துக்கொள்ளட்டும். மேக்கில் ப்ரோக்ராம்களை நிறுவும் ஹோம்ப்ரூவின் பாத், நெட் ப்ராக்ஸி மாதிரி அந்தந்த மெஷினுக்கு மட்டும் உரியதெல்லாம் லோக்கல் என்று தனி ஃபைலில் இருக்கட்டும், அது ரெப்போவுக்குள் (கிட் கவனிக்கும் ஃபோல்டர்) வரவே வேண்டாம். ஆபீஸ் மெயில் ஐடி சொந்த வேலையின் கமிட்டுகளில் (கிட்டில் பதியும் மாற்றங்கள்) விழுகிறது என்றாயே, அதற்கு கிட்டிலேயே 2017 முதல் இன்க்ளூட்இஃப் என்ற செட்டிங் இருக்கிறது. ஆபீஸ் ஃபோல்டருக்குள் இருக்கிற ரெப்போக்களுக்கு மட்டும் அந்த ஐடி என்று சொல்லிவிடலாம்.

சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் ப்ரைவேட் கீயையும், பாஸ்வேர்ட் மாதிரியான டோக்கன்களையும் மட்டும் ஏற்றவே ஏற்றாதே, ரெப்போ ப்ரைவேட்டாக இருந்தாலும் சரி. பின்னால் அழித்தாலும் பழைய கமிட்டில் அப்படியே கிடக்கும். மெஷினுக்கு ஒரு கீ தனியாக உருவாக்கிக்கொள். லேப்டாப் தொலைந்தால் அந்த ஒரு கீயை மட்டும் சர்வரிலிருந்து எடுத்தால் போதும், மற்ற இரண்டிலும் வேலை நிற்காது.

முதலில் .விம்ஆர்சியையும் கிட் கான்ஃபிகையும் மட்டும் மாற்றிப் பார். அடுத்த மாதம் ஊருக்கு வரும்போது மேக்கை எடுத்து வா, மீதியைச் சேர்ந்து உட்கார்ந்து முடிப்போம். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ரவி